எழுபது சொல்லில் ஒரு மைல்கல்

வானொலியைக் கண்டுபிடித்தவர் யார்? நம் பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும் 'மார்க்கோனி' என்ற விடை உடனே வரும். ரஷ்ய மாணவரைக் கேட்டால் 'போப்போவ்' என்பார். வங்காளத்து மாணவர் 'ஜகதீஸ் சந்திர போஸ்' என்று அடித்துச் சொல்வார். ஜெர்மானியர் ஹெர்ட்ஸைக் கூறுவார். பிரெஞ்சுக்காரர் பிரான்லியை நினைவூட்டுவார். ஒரு கேள்விக்கு ஐந்து விடைகள்! ஐந்தும் சரியாக இருக்க முடியுமா?

ஒரு விதத்தில் முடியும். எவ்வாறு என்பதை அறிய ஐந்து ஊர்களில் பதிக்கப்பட்டுள்ள ஐந்து வெண்கலப் பலகைகளைப் படித்தால் போதும். அவற்றைப் பதிப்பிக்கப் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் அரசு அதிகாரிகளோ, வரலாற்றையே தொழிலாகக் கொண்டவர்களோ அல்லர். பகலில் தொழிற்சாலையிலோ கல்லூரியிலோ வேலை பார்த்துவிட்டு, மாலையிலும் விடுமுறை நாளிலும் ஊதியம் இன்றித் தொண்டு செய்யும் பொறியாளர்கள். ஒரு பன்னாட்டுப் பொறியாளர் சங்கத்தின் வட்டாரக் கிளைகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்யும் வேலை என்ன, அதனால் அறிவியலுக்கு என்ன லாபம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சங்கமும் கிளைகளும்

1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மின்பொறியாளர் கழகம் ஒன்று தோன்றியது. தந்தி, மின்விளக்கு, மின்னாக்கி ஆகிய துறைகளில் தொழில் புரிந்தவர்கள் அதில் சேர்ந்தனர். பின்னர் வானொலித் துறை வளரவே, 1912-ல் வானொலிப் பொறியாளர்களுக்கென்று மற்றொரு கழகம் அமைந்தது. இவ்விரண்டும் 1963-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று ஒன்றாக இணைந்தன. இணைந்த கழகத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள நான்கு முதலெழுத்துகளில் மூன்று 'ஈ' தொடர்ந்து வருவதால், அதனை 'ஐ டிரிபிள் ஈ' என்றே உலகம் அழைக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் நன்கு அறிந்த பெயர் இது.

இதன் தலைமையிடம் நியூயார்க். ஆனால் இதன் உறுப்பினர்கள் 190-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறார்கள். அவர்களின் எண்ணிக்கை நான்கு லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்கள். நியூயார்க்கில் அமர்ந்துகொண்டு இத்தனை பேரையும் கூட்டி வைத்துப் பேச இயலாது. எனவே ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு கிளைகள் ஏற்பட்டன. மின்பொறியாளர் கழகம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் கிளையை 1903-ல் கனடாவின் டொரான்டோ நகரில் கண்டது. இன்று உலகெங்கும் 300-க்கு மேற்பட்ட கிளைகள் உள்ளன. நம் நாட்டில் சென்னை, பெங்களூர், கேரளம், கொல்கத்தா முதலியவற்றுக்குத் தனித்தனிக் கிளைகள் உண்டு.

கிளைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. ஆனால் சம்பளம் கிடையாது. உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். சொற்பொழிவுக்கு ஆள் அழைப்பது, கூடம் பிடிப்பது, மாணவர் மன்றங்களுக்கு வழிகாட்டுவது, கருத்தரங்கு நடத்துவது ஆகியவை அவர்களின் அன்றாட வேலைகள். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சங்கத்திலும் நடப்பவைதாம். நாம் பார்க்கப்போவது அவர்கள் செய்யும் வேறொரு வேலையை.

மைல்கல் திட்டம்

1983-ல் இக்கழகம் 'மைல்கல்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மின்துறையிலும் மின்னணுத் துறையிலும் நிகழ்ந்த அரிய சாதனைகளை, அவை நிகழ்ந்த இடத்திலேயே ஒரு வெண்கலப் பலகை பதித்து நினைவுகூர்வதே திட்டம். இதுவரை 250-க்கு மேற்பட்ட பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. இத்தாலியின் கோமோ நகரில் வோல்ட்டாவின் மின்கலத்துக்கு ஒன்று. அயர்லாந்தின் ஷானன் ஆற்று நீர்மின் நிலையத்துக்கு ஒன்று. ஜப்பானின் புஜி மலை உச்சியில் 1964-ல் அமைந்த வானிலை ரேடாருக்கு ஒன்று.

பலகை பெறுவதற்கு நிபந்தனைகள் உண்டு. சாதனை நிகழ்ந்து 25 ஆண்டுகளாவது கடந்திருக்க வேண்டும். அதன் பயன் ஒரு சிற்றூரோடு நின்றுவிடாமல் பரந்த அளவில் உணரப்பட்டிருக்க வேண்டும். சாதனையை யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஆனால் அந்த இடத்துக்குரிய வட்டாரக் கிளை அதனை ஏற்று முன்வர வேண்டும். விழா எடுக்கும் பொறுப்பும் கிளையினுடையதே.

எல்லாவற்றிலும் கடினமான நிபந்தனை ஒன்று உண்டு. பலகையில் பொறிக்கும் வாசகம் ஆங்கிலத்தில் 70 சொற்களுக்கு மேற்படக் கூடாது!

இதென்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். ஓர் அஞ்சலட்டையின் பாதியில் அடங்கிவிடும் வாசகந்தானே? ஆனால் இங்கேதான் தொண்டர்களின் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. நூறு பக்கக் கட்டுரையில் ஒரு சொல் முன்பின்னாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். எழுபதே சொற்களில் ஒவ்வொரு சொல்லும் சாட்சிக் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும். யார் செய்தார்? எந்த ஆண்டில்? எந்தக் கட்டடத்தில்? எவ்வளவு தூரம்? இதற்கு முன் வேறு யாரும் செய்யவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆகவே கிளைத் தொண்டர்கள் பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிறார்கள். காப்புரிமை ஆவணங்களைப் புரட்டுகிறார்கள். அந்நாளைய செய்தித்தாள்களைப் பார்க்கிறார்கள். திரட்டிய சான்றுகளைக் கழகத்தின் வரலாற்றுக் குழுவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே துறை வல்லுநர்கள் அவற்றைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். சான்று போதாதென்று கேள்விகள் திரும்பி வரும். வாசகம் மாறும், மீண்டும் அனுப்பப்படும். இறுதியில் கழகத்தின் ஆட்சிக் குழு ஒப்புதல் அளிக்க வேண்டும். அதன் பின்பே வெண்கலம் வார்க்கப்படும்.

எது முதல்?

இனி நம் ஐந்து விடைகளுக்கு வருவோம்.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் 1886 முதல் 1888 வரை ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் செய்த சோதனைகளுக்கு 2014-ல் பலகை கிடைத்தது. மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அவற்றை உண்டாக்கிக் காட்டியவர் ஹெர்ட்ஸ். செய்தி அனுப்புவது அவர் நோக்கம் அன்று.

பாரிஸ் நகரில் எட்வார்ட் பிரான்லி 1890-ல் கண்ட உண்மைக்கு 2010-ல் ஒரு பலகை. கண்ணாடிக் குழாயில் உலோகத்தூளை நிரப்பி அதில் மின்சாரத்தைச் செலுத்த முயன்றால், தூள் எளிதில் இடங்கொடுக்காது. ஆனால் பக்கத்தில் ஒரு மின்பொறி தோன்றி, அதன் அலைகள் குழாயின் மேல் பட்டால், தூள் சட்டென்று மின்கடத்தியாகிவிடும். குழாயைத் தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத அலையைக் காட்டிக் கொடுக்கும் கருவிக்கு இது வழி செய்தது. 'கோஹரர்' என்று பெயர் பெற்ற அந்தக் கருவி இல்லாமல் பின்வந்தவர்களின் சோதனைகள் நடந்திரா.

ரஷ்யாவில் அலெக்சாந்தர் போப்போவ் 1895 மே 7-ஆம் தேதி, இயற்பியல், வேதியியல் அறிஞர்கள் கூடிய அவையில் தம் அலைவாங்கியை இயக்கிக் காட்டினார். தொலைவில் மின்னும் மின்னலின் அலைகளையும் உணர்ந்து பதிவு செய்யும் கருவி அது. பீட்டர்ஸ்பர்க் நகரில் 2005-ல் அதற்குப் பலகை எழுந்தது.

அதே 1895-ல் இத்தாலியில் பொலோனாவை அடுத்த பொன்டெக்கியோ என்ற ஊரில், தம் வீட்டில் பட்டுப்புழு வளர்த்து வந்த மாடி அறையில் சோதனைகளைத் தொடங்கிய இளைஞர் மார்க்கோனி, அலைபரப்பியின் ஒரு முனையை நிலத்தோடும் மறுமுனையை உயரே நிறுத்திய கம்பியோடும் இணைத்தார். விளைவு, நடுவே ஒரு குன்று மறைத்து நின்றபோதிலும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் அவரது அடையாள ஒலிகள் பிடிபட்டன. 2011-ல் அந்த வீட்டுத் தோட்டத்துக்குப் பலகை கிடைத்தது. 1901 டிசம்பரில் அவர் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அனுப்பிய அலைகளுக்கு, அனுப்பிய இங்கிலாந்துக் கரையில் ஒன்றும், வாங்கிய நியூபவுண்ட்லாந்துக் கரையில் ஒன்றுமாக வேறு இரு பலகைகள் உண்டு.

கொல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸின் 1894-96 ஆண்டுச் சோதனைகளுக்கு 2012-ல் பலகை நிறுவப்பட்டது. நம் நாட்டுச் செய்தி என்பதாலும், இயற்பியல் மாணவருக்கு இதில் விருந்து இருப்பதாலும் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஐந்து மில்லிமீட்டர் அலை

போஸ் சோதனை செய்த அலைகளின் அதிர்வெண் 60 கிகாஹெர்ட்ஸ் என்கிறது பலகை. அதாவது, நொடிக்கு 6,000 கோடி அதிர்வுகள். ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: 5 மில்லிமீட்டர்! ஒரு பயறு மணியின் நீளந்தான்.

மற்றவர்கள் நீண்ட அலைகளைக் கையாண்டபோது போஸ் ஏன் இவ்வளவு குறுகிய அலைகளைத் தேடிப் போனார்? காரணம் எளியது. மின்காந்த அலை ஒளியைப் போலவே வளையும், சிதறும், தளவிளைவு அடையும் என்று மெய்ப்பிக்க அவர் விரும்பினார். வில்லை, பட்டகம் போன்ற கருவிகள் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவையாக இருந்தால்தான் இச்சோதனைகள் தெளிவாக அமையும். பல மீட்டர் நீள அலைக்கு வீடளவு வில்லை வேண்டும். 5 மில்லிமீட்டர் அலைக்கோ, மேசை மேல் வைக்கும் வில்லை போதும்.

அவர் செய்த கருவிகளும் வியப்பூட்டுபவை. அலைகளை ஏந்திக்கொள்ள உலோகப் புனல் ஒன்றைப் பொருத்தினார். இன்று நுண்ணலைத் துறையில் வழங்கும் கொம்பு வடிவ அலைவாங்கிக்கு அதுவே முன்னோடி. தளவிளைவு காட்ட அவர் பயன்படுத்தியவற்றுள் ஒன்று, பக்கங்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! இரண்டு சுவர்களைத் தாண்டி 23 மீட்டர் தொலைவில் மணியை ஒலிக்கச் செய்ததையும், வெடிமருந்தை வெடிக்க வைத்ததையும் பலகை குறிப்பிடுகிறது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். 'வானொலியைக் கண்டுபிடித்தவர் போஸ்' என்று அப்பலகை சொல்லவில்லை. அப்படி எழுதியிருந்தால் நமக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஆதாரம் நின்றிருக்காது. மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு நடந்த முதல் செய்தித்தொடர்புச் சோதனை என்றுதான் சொல்கிறது. அந்த ஓர் அடைமொழியில் உண்மை முழுதும் இருக்கிறது. அது புகழைக் குறைக்கவும் இல்லை. இன்று ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசியின் ஒரு பகுதி மில்லிமீட்டர் அலைகளில் இயங்குவதை எண்ணினால், போஸ் எவ்வளவு தூரம் முன்னால் நடந்தார் என்பது விளங்கும்.

இப்போது ஐந்து பலகைகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம். அலையை உண்டாக்கிக் காட்டியவர் ஒருவர். அதனை உணரும் தூளைக் கண்டவர் ஒருவர். மில்லிமீட்டர் அலைகளை ஆட்டிப்படைத்தவர் ஒருவர். வாங்கும் கருவியை அவையில் இயக்கிக் காட்டியவர் ஒருவர். நிலத்தோடு இணைத்த அலைக்கம்பியால் குன்றைத் தாண்டியவர் ஒருவர். ஒன்றோடொன்று மோதவே இல்லை! 'யார் முதல்?' என்று கேட்டவரை சண்டை, 'எதில் முதல்?' என்று கேட்டதும் வரலாறு தெளிகிறது. ஒவ்வொரு கிளையும் தன் ஊரைப் பற்றி மட்டும், ஆனால் அளந்து பேசியதால் கிடைத்த லாபம் இது.

உதவியாளரின் பெயர்

சில பத்தாண்டுகளுக்கு முன்வரை நம் வீட்டுக் கூரைகளின் மேல் தொலைக்காட்சிக்கென்று அலுமினியக் குழாய்களால் ஆன ஆன்டெனா நின்றது அல்லவா? மீன் முள்ளைப் போன்ற அதன் வடிவம் பலருக்கும் நினைவிருக்கும். அது பிறந்த இடம் ஜப்பானில் சென்டாய் நகரத் தொஹோக்குப் பல்கலைக்கழகம்; ஆண்டு 1924.

அதன் தத்துவம் அழகானது. நடுவில் உள்ள குழாய், பிடிக்க வேண்டிய அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி நீளமுள்ளது. 60 மெகாஹெர்ட்ஸ் அலையானால் அலைநீளம் 5 மீட்டர். குழாயின் நீளம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். (போஸின் 60 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 5 மில்லிமீட்டர் என்று கண்டோம்; அதிர்வெண் ஆயிரம் மடங்கு குறைந்தால் அலைநீளம் ஆயிரம் மடங்கு கூடுகிறது.) அதற்குப் பின்னால் சற்றே நீளமான ஒரு குழாய் அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் சற்றே குட்டையான குழாய்கள் அலையை வழிநடத்தும். இவை எதற்கும் மின்கம்பி இணைப்புக் கிடையாது. அலை பட்டதும் அவற்றில் மின்னோட்டம் எழுந்து, அவையும் அலை வீசுகின்றன. நீள வேறுபாட்டால் அவ்வலைகள் ஒரு திசையில் கூடியும் எதிர்த்திசையில் ஒன்றையொன்று அழித்தும் விடுகின்றன. அதனால்தான் ஆன்டெனாவை நிலையம் இருக்கும் திசைக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

இதற்கு உலகம் இட்ட பெயர் 'யாகி ஆன்டெனா'. பேராசிரியர் யாகி 1928-ல் வானொலிப் பொறியாளர் கழக இதழில் ஆங்கிலக் கட்டுரை எழுதியதால் அவர் பெயர் பரவியது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் குழாய்களை வெட்டி, மாற்றி, அளந்து சோதித்தவர் அவருடைய உதவியாளர் ஷின்டாரோ உடா. 1995-ல் சென்டாயில் நிறுவப்பட்ட பலகை இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

2012-ல் கொல்கத்தாவில் போஸின் பலகையோடு இராமன் விளைவுக்கும் ஒரு பலகை கிடைத்தது. 1928 பிப்ரவரி 28-ஆம் தேதிக் கண்டுபிடிப்பைக் கூறும் அதில், திருச்சியில் பிறந்த இராமனுடன் கே. எஸ். கிருஷ்ணனின் பெயரும் இடம்பெற்றுள்ளது. எழுபதே சொற்கள் இருக்கும்போது ஓர் உதவியாளருக்கு ஒதுக்கும் இடம் சிறிய இடம் அன்று. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனை வெண்கலத்தில் காணும்போது நமக்கும் மகிழ்ச்சிதானே!

மறைந்திருந்த பங்கு

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் 'எனிக்மா' இரகசியக் குறியீட்டை உடைத்த பெருமை நெடுங்காலம் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்குக்கே உரியதாகக் கருதப்பட்டது. அங்கே 2003-ல் மைல்கல் பலகை எழுந்தது. ஆனால் அதற்கு முன்பே 1932 டிசம்பரில் ரெயெவ்ஸ்கி என்ற போலந்துக் கணித அறிஞர் அப்பொறியின் உள்ளமைப்பைக் கணக்கின் மூலமே கண்டறிந்திருந்தார். ரோசிட்ஸ்கி, சிகால்ஸ்கி என்ற இருவர் அவருடன் பணியாற்றினர். போர் மூள்வதற்குச் சில வாரங்களுக்கு முன், 1939 ஜூலையில், போலந்துக்காரர்கள் தம் இரகசியங்களைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்துவிட்டனர். போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் இச்செய்தி மூடியே கிடந்தது. 2014-ல் வார்சா நகரில் போலந்து அறிஞர்களுக்கும் ஒரு பலகை நிறுவப்பட்டது.

பிளெட்ச்லியின் பலகையை யாரும் கழற்றவில்லை. அதில் தவறும் இல்லை. கதையின் முதல் பாகம் மட்டும் விடுபட்டிருந்தது. அது நடந்த ஊரிலும் சேர்த்துக் கொண்டாட ஆட்கள் இருந்ததால் அந்தப் பாகம் வந்து சேர்ந்தது.

குறைகள் இல்லையா?

உண்டு. இந்தப் பலகை நீதிமன்றத் தீர்ப்பு அன்று. தன் ஊர்ச் சாதனையைத் தானே முன்மொழிவதால் ஊர்ப்பற்று சற்றே கூடிவிடலாம். அதற்காகவே வெளியார் சோதனை வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கிளை வலுவாக உள்ள நாடுகளில் பலகைகள் மலிந்து கிடக்கின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏராளம். தொண்டர்கள் இல்லாத இடத்தில், சாதனை நிகழ்ந்திருந்தாலும் எடுத்துச் சொல்ல ஆளில்லை. பலகைகளின் வரைபடம் அறிவியல் நிகழ்ந்த இடங்களை மட்டும் காட்டவில்லை. அதைத் தேடி எழுத ஆள் இருந்த இடங்களையும் காட்டுகிறது.

காலமும் காத்திருப்பதில்லை. கருவி பழைய இரும்புக் கடைக்குப் போகும், குறிப்பேடு கரையானுக்கு இரையாகும், கட்டடம் இடிபடும், நேரில் கண்டவர் மறைவார். 25 ஆண்டு கழித்துத் தேடும்போது ஒரு தாள்கூட அகப்படாமல் போகலாம். ஆதாரம் இல்லாத சாதனைக்கு எழுபது சொல் என்ன, ஏழு சொல்கூட எழுத முடியாது.

எனவே மாணவர்களே, உங்கள் ஊரின் முதல் மின்நிலையம், பழைய தொலைபேசி நிலையம், நூற்பாலையின் பழைய இயந்திரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்த்த முதியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எந்த ஆண்டு, எத்தனை கிலோவாட், யார் நிறுவியது, எந்த ஆவணம் சான்று என்று குறித்துக்கொண்டு, எழுபது சொல்லில் எழுதிப் பாருங்கள். 'முதன்முதலில்' என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றுவிடும். எதில் முதல் என்ற கேள்வி எழும். விடை தேட நூலகத்துக்கு நடக்க வேண்டிவரும். அந்த நடையைத்தான் உலகெங்கும் உள்ள கிளைகளின் தொண்டர்கள் மாலை நேரங்களில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.